அப்பா கேட்ட பாசிட்டிவ்

எங்கள் வீட்டில் குழந்தைகள் முதலில் கற்றுக்கொள்ளும் ஆங்கிலச் சொல் பாசிட்டிவ். அப்பா சிவகாசியில் சின்னதாக ஓர் ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட்டுக்குப் போய்விட்ட பிறகும் அப்பா பிலிமை விடவில்லை. படத்தைப் பிலிமாக எடுத்துக் கொடுக்கிற புராசஸ் கடையிலிருந்து பாசிட்டிவ் வந்தால்தான் பிளேட், பிளேட்டை ஏற்றினால்தான் மிஷின், மிஷின் ஓடினால்தான் சோறு. எப்போதாவது கடைக்காரன் மாற்றி நெகட்டிவைக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாக மூச்சுகூட விட முடியாது. "நெகட்டிவை வச்சு நான் என்னத்தப் பண்ண? திருப்பி அனுப்பு!" என்கிற கத்தலைக் கேட்டே நான் வளர்ந்தேன்.

அப்பாவிடம் இன்னொரு வியாதியும் உண்டு. கலர் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் மயிரிழை விலகியிருந்தாலும் அவருக்குக் கண்ணில் முள் தைத்த மாதிரி ஆகிவிடும். அதற்கு ரிஜிஸ்டர் விலகல் என்று பெயர். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைத்தால் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்க மாட்டார். "எங்கன அடிச்சீக? மஞ்சள் விலகியிருக்கே" என்பார். உறவுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து நான் விருதுநகரில் ஒரு கல்லூரிக்கு பி.காம். படிக்கப் போனேன். போன இடத்தில் சும்மா இருக்காமல் செஞ்சுருள் சங்கத்தின் செயலாளர் ஆனேன். எச்.ஐ.வி. பற்றி மாணவிகளுக்கு விழிப்புணர்வு ஊட்டுகிற சங்கம் அது. உண்மையைச் சொன்னால், கூட்டம் நடக்கிற நாளில் கடைசிப் பீரியட் கிடையாது என்பதற்காகச் சேர்ந்தேன். பிறகு மைக்கைப் பிடித்ததும் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. 'பயம் வேண்டாம் தோழி, பரிசோதனை செய் வாழி' என்று ஒரு வாசகம் எழுதினேன். எதற்கு அந்த வாழி என்று தமிழ்த்துறையிலிருந்து கேட்டார்கள். எதுகைக்கு என்றேன். அது எதுகை இல்லை, இயைபு என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அப்பா பிரஸ்ஸிலேயே அதைப் போஸ்டராக ஓசியில் அடித்தோம். அவசரத்தில் அடித்ததால் சிவப்பு விலகி, சங்கத்தின் சின்னமான சிவப்பு ரிப்பன் பார்ப்பதற்கு ஜிலேபி மாதிரி வந்துவிட்டது. அப்பா ஒரு வாரம் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

என் கூட்டாளி ஆமத்தூர்க்காரி. காலை பஸ்ஸில் நான் சிவகாசியிலிருந்து இடம் போட்டுக்கொண்டு வருவேன், அவள் ஆமத்தூரில் ஏறி என் மடிமேல் பையைப் போடுவாள். அவளுடைய அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். ஆனால் அதையெல்லாம் நினைத்துப் பொறுப்பாக இருக்கிற பிறவி அல்ல. மதியம் என் டிபன் பாக்ஸை அவள் திறப்பாள், அவளுடையதை நான் திறப்பேன். என்னுடையதில் இருக்கிற உருளைக்கிழங்கு முழுவதும் தீர்ந்த பிறகுதான் என் பக்கம் தள்ளுவாள். இது விஷயமாக நாங்கள் போடாத சண்டை கிடையாது.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் பொருட்காட்சி போடுவார்கள். அங்கே ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவில் ஒருவன் டாட்டூ போட்டுக்கொண்டிருந்தான். நான் முழங்கைக்கு மேலே ஒரு பட்டாம்பூச்சி குத்திக்கொண்டேன், கறுப்புக் கோடு, உள்ளே சிவப்பு. அவள் அதே ஊசியில் ஒரு நட்சத்திரம் குத்திக்கொண்டாள். அதே ஊசி என்பதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்தது விலையை மட்டும்தான், அதிலும் பேரம் பேசினோம். அன்றிலிருந்து நான் முழுக்கைச் சுடிதாருக்கு மாறினேன். பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவணி மாதம் சங்கத்தில் ஒரு கூட்டம். நான்தான் மேடையில். தொற்று எப்படியெல்லாம் பரவும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "ஒரே ஊசியைப் பலருக்கும் பயன்படுத்துவதால், உதாரணமாகப் பச்சை குத்தும்போது" என்று முழங்கினேன். முழங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசையில் ஆமத்தூர்க்காரியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. மீதிப் பேச்சை எப்படி முடித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. 'வாழி' என்றுதான் முடித்திருப்பேன்.

அன்றிலிருந்து அவள் என் டிபன் பாக்ஸைத் தொடவில்லை. முதல் நாள், உருளைக்கிழங்கு முழுவதும் எனக்கே கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். மறுநாளும் தொடவில்லை. அவளுடைய டப்பாவையும் மூடியால் மறைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பாட்டில் பரவாது என்று அவளுக்குத் தெரியும். சங்கத்தின் வினாடி வினாவில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள்.

"தெரியும்டி. தெரிஞ்சா மட்டும் போதுமா? கை போக மாட்டேங்குது," என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வீட்டுலயும் எந் தட்ட நானே தனியாக் கழுவி வச்சுக்கிடுதேன். அம்மா பாத்துட்டு, என்ன புள்ள புதுசா ராங்கி பண்ணுதேன்னு கேக்கா. இப்பிடியே இருக்க முடியாதுடி. பேசாமப் படிப்ப நிப்பாட்டிட்டு எங்கயாச்சும் போயிரலாம்னு இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும் பயம்தான். ஆனால் அவளில்லாமல் அந்த பஸ்ஸில் ஒரு நாள்கூட என்னால் போக முடியாது. அன்றைக்கே முடிவு செய்தேன், இரண்டு பேரும் பரிசோதனைக்குப் போவது என்று. ஊரையே போகச் சொன்ன செயலாளர் அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

சிவகாசியில் போனால் அப்பாவுக்குத் தெரிந்த ஆள் பார்த்துவிடும். அதனால் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு விருதுநகரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலையில் கிளம்பும்போது அப்பா, "வாறப்ப புராசஸ் கடையில காலண்டர் பாசிட்டிவ் ரெண்டு செட்டு ரெடியான்னு பாத்துக் கையோட வாங்கிட்டு வந்துரு. சீசன் நேரம், பார்ட்டி கழுத்த நெரிக்கான்," என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அது என் காதில் ஏறவே இல்லை.

அடையாளம் தெரியக் கூடாது என்று இருவரும் துப்பட்டாவால் கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றிக்கொண்டோம். பரிசோதனை செய்கிற இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். அதைச் சத்தமாகக் கேட்கவும் வெட்கம். வாட்ச்மேன் காதருகே போய், "அண்ணே, நம்பிக்கை எங்கன இருக்கு?" என்று கிசுகிசுத்தேன்.

அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "பி.காம். ரெண்டாம் வருசமா? நேராப் போயி எடது பக்கம் திரும்பு. பல் டாக்டருக்கு அடுத்த ரூம்பு," என்று வளாகம் முழுவதும் கேட்கிற குரலில் சொன்னார். குனிந்து பார்த்தேன். முகத்தை மூடியவர்கள் கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையைக் கழற்றியிருக்கவில்லை. போட்டோவோடு பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

மையத்தின் வாசலில் உட்காரத் தைரியம் இல்லை. பல் டாக்டர் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் பல் நோயாளிகள் மாதிரி உட்கார்ந்தோம். நான் நடிப்புக்காகக் கன்னத்தில் கையையும் வைத்துக்கொண்டேன். ஒரு நர்ஸ் வந்து, "ரொம்ப வலிக்குதா? பாவம், வாம்மா," என்று என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார்கள். கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது. இவ்வளவு பெரிய சொத்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தாய் என்று டாக்டர் திட்டினார். பிடுங்க இன்னொரு நாள் வருகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டு வெளியே ஓடி வந்தேன். இனிமேல் எந்த வாசலாக இருந்தால் என்ன என்று ஆமத்தூர்க்காரியை இழுத்துக்கொண்டு மையத்துக்குள் நுழைந்தேன்.

அங்கே ஆலோசகர் ஓர் அக்கா. ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார். நான் போய் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் ஜிலேபி. 'பயம் வேண்டாம் தோழி' என்று என் போஸ்டரே என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எதுக்காக வந்திருக்கே?" என்றார் அக்கா.

"இன்றைய இளைய தலைமுறையினரிடையே விழிப்புணர்வை..." என்று ஆரம்பித்தேன்.

"அது சரி. நீ எதுக்கு வந்தே?"

அழுதுவிட்டேன். பட்டாம்பூச்சியைக் காட்டினேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எப்போது குத்தியது என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இப்போது வருகிற முடிவை நம்பலாம் என்றார். எதுவாக இருந்தாலும் அதற்கு மருந்து இருக்கிறது, முடிவு இந்த மேஜையைத் தாண்டாது என்றார். இதையெல்லாம் நானே மேடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டேன்.

ரத்தம் எடுத்துவிட்டு இருவரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். பையையும் போனையும் ஆமத்தூர்க்காரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அக்கா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு நெகட்டிவ்மா," என்றார்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வயிற்றில் இருந்தபோதே நெகட்டிவ் என்றால் ஆகாது, நெகட்டிவ் என்றால் கத்தல் என்று கேட்டு வளர்ந்த உடம்பு. சங்கத்துச் செயலாளர் எங்கேயோ போய்விட, பிரஸ்காரர் மகள்தான் வாயைத் திறந்தாள்.

"அப்ப... திருப்பி அனுப்பணுமா அக்கா?"

"எதைம்மா?" என்றார் அவர்.

நெகட்டிவ் என்றால் எதுவும் இல்லை என்று அர்த்தம் என அவர் எனக்கு விளக்கி முடிப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. ஆமத்தூர்க்காரி ஒரு கையில் என் போனோடு நின்றாள். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஏடி, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சுடி!" என்றாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். "ரகசியம்னு சொன்னீகளே அக்கா! அதுக்குள்ள அவ வீட்டுக்குப் போனப் போட்டுட்டீகளே!"

"யாரும்மா போன் போட்டா?" என்று அக்கா எழுந்தே விட்டார்.

"இப்பத்தான் அவ அப்பா பேசுனாக. பாசிட்டிவ் வந்துருச்சாமே, போன் வந்துச்சுன்னாக. யாருக்குப்பான்னு கேட்டேன். நமக்குத்தான் தாயி, ரெண்டுமே வந்துருச்சுன்னாக. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஏன் அழுகுற, சளி பிடிச்சிருக்கான்னு கேட்டாக. ஒண்ணுக்கும் வெசனப்படாதீக, வாங்கிட்டு வந்ததும் இன்னைக்கே ஏத்திருவோம்னாக. குளுக்கோஸ்தான் போலன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா ஒரு வார்த்த திட்டலடி உங்கப்பா. சாப்பிட்டீகளான்னு கேட்டாக. வாறப்ப எண்ணெய்ப் புரோட்டா வாங்கிட்டு வாங்க, எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடுவோம்னாக. ஒண்ணாவாப்பான்னு கேட்டேன். பின்ன தனித்தனியாவான்னு கேட்டாகடி."

அதைச் சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கேவிக் கேவி அழுதாள். எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. ஆனால் அவளுடைய முடிவு இன்னும் அந்த மேஜையில்தான் இருக்கிறது என்று நினைத்ததும் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அக்கா என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வெளியே நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். "யாருப்பா போன் பண்ணுனது?"

"புராசஸ் கடைக்காரன்தான். ரெண்டு செட்டும் ரெடியாம்ல. அந்தப் புள்ளகிட்டச் சொன்னேனே. அது ஏன் அந்த அழுக அழுகுது? கடையில எதுவும் தகராறா?"

"இல்லப்பா," என்று வைத்துவிட்டேன். எனக்கு இஷ்ட தெய்வம் என்று தனியாக யாரும் கிடையாது. அன்றைக்கு இருக்கன்குடி மாரியம்மனில் தொடங்கி ஒருவரையும் விடாமல் வேண்டினேன். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

கதவு திறந்தது. ஆமத்தூர்க்காரி வந்து என் முன்னால் நின்றாள். "நெகட்டிவ்," என்றாள்.

"எனக்கும்தான்."

"அப்ப உங்கப்பா சொன்னது?"

சொன்னேன். அவள் என் பையாலேயே என்னை அடித்தாள். அடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பல் டாக்டர் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நிஜ நோயாளிகள் எல்லாம் வலியை மறந்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு, "போங்கடி," என்றார்.

புரோட்டா வாங்கிக்கொண்டு, புராசஸ் கடையில் பிலிமையும் வாங்கிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தோம். சீசன் நேரத்தில் எங்கள் பிரஸ்ஸில் பந்தி என்றால், வீணாகிப்போன காலண்டர் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் இலையைப் போட்டு, அப்பா, மிஷின்மேன், யார் இருக்கிறார்களோ எல்லாரும் சுற்றி உட்காருவதுதான். யார் கை யார் இலையில் போகிறது என்று கணக்கே இருக்காது. அப்பா பாசிட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "உக்காருங்க, உக்காருங்க," என்றார்.

ஆமத்தூர்க்காரி உட்காரவில்லை. அப்பாவிடம் வாயைத் திறக்காதே என்று நான் பஸ்ஸில் அவ்வளவு சொல்லியும் கேட்காமல், "அப்பா, நீங்க சொன்னது பிலிமத்தான்னாலும், பாசிட்டிவ்னு சொன்ன வாயோட ஒண்ணாச் சாப்பிடுவோம்னு கூப்பிட்டீகளே, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்," என்று போட்டு உடைத்துவிட்டாள்.

"பாசிட்டிவ் வந்தா கூப்பிடாம?" என்றார் அப்பா, ஒன்றும் புரியாமல்.

அதற்குப் பிறகு எதையும் மறைக்க வழியில்லை. ஆஸ்பத்திரி, ஊசி, பொருட்காட்சி எல்லாம் வெளியே வந்தன. மிஷின்மேன் மிஷினை நிறுத்திவிட்டார். அந்த அமைதியை நான் தீபாவளி அன்றைக்குத்தான் எங்கள் பிரஸ்ஸில் பார்த்திருக்கிறேன். அப்பா என் கையைப் பிடித்து முழுக்கையை மேலே ஏற்றினார். பட்டாம்பூச்சியைப் பார்த்தார். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கிறுக்கு முண்டம்! ரிஜிஸ்டர் விலகியிருக்கே!" என்று கத்தினார். "சிவப்பு எங்கன கெடக்கு, கோடு எங்கன கெடக்கு? எம் மகளா இருந்துக்கிட்டு இதுக்குப் போயிக் காசு குடுத்துருக்க!"

மிஷின்மேனையும் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் குனிந்து பார்த்து, ஆமாம், விலகித்தான் இருக்கிறது என்றார். பிறகு ஆமத்தூர்க்காரியின் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். ஒரே கலர் என்பதால் அது தப்பித்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

கத்தி முடித்த பிறகுதான் அப்பாவுக்கு மற்றது உறைத்தது போல. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஆமத்தூர்க்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒண்ணு கேக்கட்டா? நெசமாவே எங்களுக்குப் பாசிட்டிவ்னு வந்துருந்தா?"

நான் அவளைக் கிள்ளினேன். அவள் அசையவில்லை. அப்பா நல்ல பதிலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று எனக்குப் பதைபதைத்தது. அப்பாவுக்கோ நன்றாகப் பேச வராது. கத்தத்தான் வரும்.

"தெரியல தாயி," என்றார். "பயந்துருப்பேன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மொதல்ல பயந்துதான் இருப்பேன்." புரோட்டாப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். "ஆனா இம்புட்டுப் புரோட்டா வாங்கியாந்துட்டு, ஆளுக்கொரு மூலையில உக்காந்தா சாப்பிடப் போறோம்? சால்னா ஒண்ணுதான குடுத்துருக்கான். ஆறிப் போகுது, உக்காருங்க."

உட்கார்ந்தோம். ஆமத்தூர்க்காரி தன் இலையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கூட்டம் நடந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளுடைய கை நீண்டு என் இலைக்கு வந்தது. நான் கடைசியில் சாப்பிடுவதற்காக ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த முறுகல் துண்டை எடுத்து, என் சால்னாவிலேயே தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு அப்படியே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான். ஆனாலும் இருந்த முறுகல் துண்டு அது ஒன்றுதான் என்பதால் அவள் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினேன்.